ஒரு பீஸ் வேலை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே ஒரு பீஸ் வேலையோடு வருகிறவரை யாருக்கும் பிடிக்காது. மெஷினில் செட்டிங் போடவே பாதி நாள் போய்விடும். ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் அந்தப் பாதி நாள் கணக்கிலேயே வராது; ஒரு பீஸ் என்றால் முழுச்செலவும் பட்டறைக்காரர் தலையில். பம்ப் பாகங்களும் வண்டிகளுக்கான பிராக்கெட்டுகளும் கடையும் ஒரு சிஎன்சி பட்டறைக்கு, லேப்டாப்பில் கீபோர்டு பெட்டியின் வரைபடத்தை வைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரோடு போயிருந்தேன். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணே ஒண்ணுதானா தம்பி?" அடுத்தது, "கீபோர்டுதானே, ஐந்நூறு ரூபாய்க்குக் கடையிலேயே கிடைக்குமே?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இளைஞர் சிரித்துக்கொண்டே முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்: "நாலு பீஸ் அண்ணே. மூணு பேரைச் சேத்துட்டேன்."

பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கிறவர் அவர். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கீபோர்டு கட்டுகிறார். தனக்காகத் தொடங்கி, இப்போது கேட்கிறவர்களுக்கும் செய்து கொடுக்கிறார். நான் நாள் முழுக்கத் தட்டச்சு செய்து பிழைப்பவன். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதனால்தான் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

பட்டறையில் வரைபடத்தை வாங்கிப் பார்த்த ஆபரேட்டர், ஐடிஐ படித்துவிட்டு இருபது வருடமாக மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர், உடனே ஒரு இடத்தில் விரலை வைத்தார். பெட்டியின் உள்மூலைகள் நாலும் கூர்மையாக வரையப்பட்டிருந்தன. "டூல் உருண்டை தம்பி. உள்மூலை எப்படிக் கூரா வரும்? ரேடியஸ் குடுங்க." ரேடியஸ் கொடுத்தால் சர்க்யூட் பலகையின் மூலை இடிக்கும். அரை மணி நேரம் பேசி, மூலையில் மட்டும் டூலைச் சற்று உள்ளே தள்ளிக் குடைந்துவிடலாம் என்று முடிவானது. யோசனை ஆபரேட்டருடையது. யூடியூப்பில் எத்தனையோ மணி நேரம் பார்த்தும் தனக்கு இது தோன்றவில்லை என்று வெளியே வந்ததும் இளைஞர் சொன்னார்.

இன்னொரு இடத்திலும் ஆபரேட்டர் முந்திக்கொண்டார். விசைக்கு விசை 19.05 மில்லிமீட்டர் இடைவெளி என்று வரைபடத்தில் போட்டிருந்தது. "அது என்ன ஜீரோ ஃபைவ்? முக்கால் இஞ்ச்னு சொல்லவேண்டியதுதானே." முக்கால் அங்குலமேதான், அங்குலக் கணக்கில் பிறந்த அளவு, மில்லிமீட்டருக்கு மாறியும் விடாமல் தொடர்கிறது. விசைகளுக்கு அடியில் சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்தும் தகட்டுக்கு வேறு கணக்கு: கனம் ஒன்றரை மில்லிமீட்டர், ஒவ்வொரு துளையும் 14 மில்லிமீட்டர் சதுரம். லேசரில் வெட்டும்போது துளை கொஞ்சம் பெருத்துவிட்டால் சுவிட்ச் ஆடும். விசையின் தொப்பியான கீகேப்பைக் கழற்றும்போது கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். சிறுத்தால் உள்ளே இறங்கவே இறங்காது.

அலுமினியக் கட்டியின் பெரும்பகுதி சீவலாகி கூலன்ட்டோடு தட்டில் விழுகிறது, மிஞ்சுவதுதான் பெட்டி. பிசிறு எடுத்து, மணல் அடித்து, பக்கத்துத் தெருவில் அனோடைசிங் செய்கிறவரிடம் போகிறது. அங்கே நிறம் பிடிப்பது அந்தந்தத் தொட்டியின் குணம். ஒரே நீலம் இரண்டு நாள் இரண்டு நீலமாக வரும். நாலு பீஸையும் ஒரே தொட்டியில் போட இளைஞர் கெஞ்சியதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களில் கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டு கனமான சாமான். ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் உண்டு. அழுத்தினால் அது மடங்கிச் சத்தம் போடும். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி அதே காலத்தில் எம்எக்ஸ் என்ற சுவிட்சைச் செய்தது. பிறகு விலைப்போட்டி வந்தது. ஸ்பிரிங் போய், விசைகள் அனைத்துக்கும் ஒரே ரப்பர் விரிப்பு வந்தது. நம் அலுவலகங்களில் இருப்பது அதுதான். பழைய சுகத்தை மறக்காத சிலர் பழைய கீபோர்டுகளைத் தேடிப் பிரித்துப் பூட்டினார்கள். கொரியாவில் சிலர் அலுமினியப் பெட்டி கடையத் தொடங்கினார்கள். 2014 வாக்கில் எம்எக்ஸ் காப்புரிமை காலாவதியானதும் கேட்டரான், கைல் என்று சீனக் கம்பெனிகள் அதே அளவில் விதவிதமாக சுவிட்ச் செய்து குவித்தன. அதன்பிறகுதான் நம் ஊர்ப் பையன்களின் சம்பளத்துக்கு இது எட்டியது.

இளைஞரின் வீடு வில்லிவாக்கத்தில். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. மேசை விளக்கு, சால்டரிங் அயர்ன், ஓவியத் தூரிகைகள், சுண்டுவிரல் நுனி அளவு டப்பாவில் வெள்ளைக் கிரீஸ். கிரைடாக்ஸ் 205 கிரேடு 0 என்பது அதன் பெயர். டூபாண்ட் கண்டுபிடித்தது, இப்போது கெமோர்ஸ் விற்கிறது. விண்வெளிக் கருவிகளுக்கும் போகிற வகை. கிராம் கணக்கில்தான் வாங்குகிறார்கள்.

மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சுவிட்ச் பிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய அம்மா.

சுவிட்ச் என்பது ஒரு சிறு பெட்டி. மேல்மூடி, கீழ்ப்பெட்டி, நடுவில் ஸ்டெம் என்கிற தண்டு, அதைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங், கீழ்ப்பெட்டியின் ஓரத்தில் இரண்டு செம்பு இலைத்தகடுகள். தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே தகடுகள் தொட்டு எழுத்து விழுந்துவிடும். தண்டின் இருபுறமும் சறுக்கு வரம்புகள். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் அந்த இடத்தில்தான் விரலுக்குச் சொரசொரப்புத் தெரிகிறது. அதைப் போக்கத்தான் கிரீஸ்.

அம்மா செய்வதைக் கிட்டத்தில் பார்த்தேன். ஓப்பனரில் வைத்து ஒரு அழுத்து. நாலு கொக்கிகளும் ஒரே நேரத்தில் விடுபட்டு மூடி கழன்றது. தூரிகையில் கிரீஸைத் தொட்டு, டப்பா விளிம்பில் முக்கால்வாசியையும் வழித்துவிட்டார். கீழ்ப்பெட்டியின் இரண்டு வரம்புகளிலும் ஒவ்வொரு இழுப்பு. தண்டின் பக்கங்களில் ஒவ்வொரு இழுப்பு. ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் ஒரு தொடல். கிரீஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தபோது பிளாஸ்டிக்கில் ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். விசை மந்தமாக மேலே வரும். தண்டின் இரண்டு கால்கள் இலைத்தகட்டைத் தொடும். நடுவில் ஒரு மேடு தட்டுப்படுகிற வகை சுவிட்சில் அந்தக் கால்களைத் தூரிகை தொடவே கூடாது. தொட்டால் மேடு மழுங்கும். சத்தம் போடும் 'க்ளிக்' வகைக்கு இவர்கள் கிரீஸே போடுவதில்லை.

"நான் டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் தம்பி" என்றார் அம்மா, தலை நிமிராமல். "அந்தக் காலத்து மெஷின்ல சுண்டுவிரல் வலிக்கும். இப்போ இவன் சுண்டுவிரலுக்கு மட்டும் லேசான ஸ்பிரிங் போடறான். அப்பவே யாராவது இதச் செஞ்சிருக்கலாம்." ஃபேசிட் டைப்ரைட்டரைச் சென்னையிலேயே தயாரித்த காலத்தில் படித்தவர் அவர். மகன் ஒரு சுவிட்ச் முடிப்பதற்குள் இவர் இரண்டு முடிக்கிறார். சுவிட்ச் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூலி. அறுபது, எழுபது சுவிட்சுள்ள சிறிய கீபோர்டுக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்தப் பணம் அப்படியே அம்மாவுக்கு. இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான கைவேலை எது என்று என்னைக் கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். அலுமினியத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். விரலுக்குத் தெரிவது இந்தப் பளபளப்பு.

அடுத்த வேலை ஸ்டெபிலைசர். ஸ்பேஸ்பார் மற்ற விசையைப் போல ஆறு மடங்குக்கு மேல் நீளம். ஓரத்தில் தட்டினால் சாயாமல் இருக்க அடியில் ஒரு கம்பி உண்டு. விலை உயர்ந்த கீபோர்டிலும் கடகடவென்று ஆடுவது இந்தக் கம்பிதான். இளைஞர் அதைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு முனையைத் தட்டினார். மறுமுனை துள்ளியது. இடுக்கியால் ஒரு நெளிவு கொடுத்து மறுபடி தட்டினார். மறுபடி நெளிவு. கம்பி முழுக்கக் கண்ணாடியில் படிந்த பிறகு, முனைகளில் கிரீஸைத் தாராளமாகவே அப்பிப் பூட்டினார். பிறகு ஸ்பேஸ்பாரின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று தட்டித் தட்டிக் கேட்டார். கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் கல்லை வைத்துத் தட்டிச் சுற்றிவருவது நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் மட்டும் ஒரு 'டிக்' மிச்சம் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "வலது பக்கம் இன்னும் அடிக்குதுடா" என்றார்.

சர்க்யூட் பலகையைப் பற்றி ஒன்று மட்டும். சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பதில்லை. வரிசை, நிரல் என்று வலையாகக் கட்டி, சிப் அதை ஓயாமல் வருடிப் பார்க்கிறது. 61 விசைக்கு 5 வரிசையும் 14 நிரலும் போதும். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தினால், அழுத்தாத நாலாவது மூலையும் அழுந்தியதாகச் சிப் நினைத்துக்கொள்ளும். மின்சாரம் பின்வழியாக ஓடுவதுதான் காரணம். அதை மறிக்க விசைக்கு ஒரு டயோடு. ரிச்சி தெருவில் 1என்4148 என்று கேட்டால் நீள நாடாவில் ஒட்டி, கத்தரித்துத் தருவார்கள். அதன் கறுப்புக் கோடு எல்லா விசையிலும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். ஒன்று திரும்பினாலும் அந்த எழுத்து ஊமை. இப்போது ஹாட்-ஸ்வாப் பலகைகள் வந்துவிட்டதால், சால்டரிங் தெரியாதவர்களும் சுவிட்சைச் செருகிக் கழற்றலாம்.

சிப்புக்குள் ஓடுவது பெரும்பாலும் க்யூஎம்கே என்ற கட்டற்ற மென்பொருள். எந்த விசை எதைச் செய்யவேண்டும் என்பதை நாமே எழுதலாம். தமிழில் எழுதுகிறவன் என்பதால் என் கேள்வி வேறு: "தமிழ்99 இதில் ஏறுமா?"

நேராக ஏறாது. கீபோர்டு கம்ப்யூட்டருக்கு எழுத்தை அனுப்புவதில்லை. இன்ன இடத்து விசை அழுந்தியது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. 'எச்' இருக்கும் இடத்தை 'க' ஆக்குவது விண்டோஸோ மேக்கோதான். இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆனால் மொழி மாற்றும் கட்டளையை ஒற்றை விசையில் வைக்கலாம். இளைஞர் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு விசையில் அதை வைத்துக்கொடுத்தார். இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய் என்று பிரித்து, 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு தமிழ்99. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் புள்ளி தானே விழுந்து 'அம்மா' வந்துவிடும்.

பிரச்சினை கீகேப்பில் இருந்தது. ஜப்பானிய ஹிரகானா, கொரிய ஹங்குல், ரஷ்ய எழுத்து போட்ட செட்டுகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவர் மேசையில் இருந்த அத்தனை செட்டுகளையும் புரட்டினேன், தமிழ் இல்லை. அவருடைய ஹிரகானா செட்டில் ஓர் எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது, அழகுக்காக வாங்கியது. தமிழ் எழுத்தை வெற்றுக் கீகேப்பில் சாயம் ஏற்றி அவரே முயன்றிருக்கிறார். சாயத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்குக்குள் இறக்கும் முறை. பிபிடி பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கும், ஏபிஎஸ் நெளிந்துவிடும். 'ப', 'ட' கச்சிதமாக விழுந்திருந்தன. 'ஞ' வின் சுழி அடைத்துக்கொண்டது. 'ஔ' பாதி விளிம்பில் ஏறிவிட்டது. சின்ன இடத்துக்கென்றே சுழிகளைத் திறந்து வரைந்த எழுத்துரு வேண்டும் என்றார். தமிழ்99க்கு 31 விசைதான். எழுத்துரு வரைகிறவர்கள் யாராவது முன்வந்தால் ஒரு வாரத்து வேலை.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. இந்தப் பொழுதுபோக்கில் பாதி, கடை வீதி. பெட்டி, கீகேப், அதற்குப் பொருத்தமான நிறத்தில் சுருள் கேபிள் என்று வாங்கிக்கொண்டே போகலாம். ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதியிருக்கமாட்டோம். பலர் முன்பணம் கட்டிச் சேர்ந்து ஆர்டர் கொடுக்கும் 'குரூப் பை' முறையில், இளைஞரின் நண்பர் ஒருவர் கட்டிய பணத்துக்கு வருடம் தாண்டியும் பொருள் வரவில்லை. கேட்டால் ஃபேக்டரியில் தாமதம் என்ற ஒரே பதில். அந்தப் பணத்தில் அம்பத்தூர் ஆபரேட்டருக்கு ஒரு மாதம் ஓவர்டைம் கொடுத்திருக்கலாம்.

ஆசை வந்துவிட்டவர்களுக்கு: அலுமினியத்தில் தொடங்காதீர்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் ஹாட்-ஸ்வாப் பலகை ஒன்று வாங்குங்கள். முதலில் ஸ்பேஸ்பாரைக் கழற்றி ஸ்டெபிலைசரை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரு மாலை வேலை, வித்தியாசம் அன்றைக்கே காதுக்குத் தெரியும். பிடித்திருந்தால் சுவிட்சுக்குப் போகலாம். கிரீஸ் கிடைக்கவில்லை என்று தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள்; அது வழிந்து இலைத்தகட்டில் இறங்கும், பிறகு சுவிட்சையே மாற்றவேண்டியதுதான்.