டிராப் ஹேண்டில்பார்: சில குறிப்புகள்

ஜூன் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து ஒரே காற்று. தோவாளை தாண்டியதும் முதுகைத் தள்ளும். முப்பந்தல் வரை காலுக்குப் பெரிய வேலை கிடையாது.

தன் சைக்கிள் வேகமானது என்று எல்லோரும் முடிவுகட்டுவது அங்கே வைத்துத்தான்.

திரும்பி வர வேண்டுமே.

எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகம், நாம் 20-ல் மிதிக்கிறோம் என்றால் உடம்பில் மோதும் காற்று 50. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. முப்பந்தல் பக்கம் 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாலை நட்டவர்களுக்கு இந்தக் கணக்கு முதலிலேயே தெரியும்.

சமதரையில் இந்தக் கணக்கில் சைக்கிளின் எடை வருவதே இல்லை. ஆனால் சைக்கிள் வாங்கப் போனால் கடையில் எல்லோரும் முதலில் செய்வது ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பது.

பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000-லிருந்து சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. நம் பட்ஜெட்டில் கிடைப்பது 10, 11 கிலோ. விதியை மீறிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

காற்றுக்கு மறைவாக ஒருவன் பின்சக்கரத்தை ஒட்டி மிதித்தால் உழைப்பில் கால்பங்குக்கு மேல் மிச்சம். எல்லாக் கூட்டத்திலும் முன்னால் வரவே வராத ஒரு அண்ணாச்சி உண்டு.

கூட்டத்திலேயே விலை கூடிய சைக்கிள் அவருடையதாக இருக்கும்.

டெக்கத்லானின் டிரைபன் ஆர்சி 100. கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பாரில் விலை குறைந்த ரகம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு. கியர் லீவர் ஹேண்டில்பாரின் மேல்பகுதியில். பிரேக்கை விட்டுக் கையை எடுத்தால்தான் கியர் மாறும்.

தனியாகப் போகிறவனுக்கு இதில் ஒன்றுமில்லை. நாலுபேர் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போகையில், முன்னால் போகிறவன் குழி என்று கை காட்டும் நொடியில், நம் கை எங்கே?

ஷிமானோவின் கியர் வரிசை. கிளாரிஸ் பின்னால் 8 பல்சக்கரம். சோரா 9. டியாக்ரா 10. அதற்கு மேல் 105, முன்பு 11, இப்போது 12. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் வருவது கிளாரிஸிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் காசு ஆசைக்கு. ஆசை தப்பில்லை.

நாகர்கோவிலுக்குக் கிழக்கே வயலும் குளமும், சமதரை. மேற்கே தக்கலை தாண்டிவிட்டால் வேறு நாடு. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஏற்றம். எதுவும் பெரிதில்லை, ஆனால் முடிவதும் இல்லை.

பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல் தாராளம் என்பவர் தோவாளைக்காரர். 32 இல்லாமல் வாங்காதே என்பவர் குலசேகரத்துக்காரர்.

"மக்கா, இவ்வளவு ரூவா குடுத்து வாங்கிருக்க, ஒரு ஸ்டாண்டு இல்லியா?"

விலை கூடக் கூடக் காணாமல் போகும் சாமான்கள்: ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர், மட்கார்டு, மணி. கடைசியில் பெடலும். நல்ல விலைக்குப் போனால் பெடல் இல்லாமல்தான் விற்கிறார்கள்.

அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி வைக்கிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர். பையன்களுக்கு 15, 20 கிலோமீட்டர். பெண்பிள்ளைகளுக்கு 10, 15. முதல் பரிசு ஐயாயிரம். இந்தியாவில் செய்த சாதாரண ஹேண்டில்பார் சைக்கிள் வேண்டும். கியர் கூடாது.

அரசு வைக்கும் பந்தயத்தில் பந்தய சைக்கிளுக்கு இடமில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரசு சும்மா தரும் சைக்கிளுக்கு இருக்கிறது.

இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம், தென்மேற்கும் வடகிழக்கும். ஆக மட்கார்டு பூட்ட ஃபிரேமில் துளை உண்டா என்று குனிந்து பார்க்க வேண்டும். முழுப் பந்தய ரகத்தில் பெரும்பாலும் இருக்காது.

பின்சக்கர மட்கார்டை வாங்கிப் பூட்டுவது முன்னால் போகிறவன். முகத்தில் சேறு படாமல் தப்புவது பின்னால் வருகிறவன். அண்ணாச்சி சைக்கிளில் மட்கார்டு இல்லை.

டயர். 28 மில்லிமீட்டர் நுழையுமா, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் இருக்குமா? ஒல்லி டயர்தான் வேகம் என்பது பழைய பேச்சு. டூர் டி பிரான்ஸ்காரர்களே 28-க்கு வந்தாயிற்று. அவர்கள் ரோட்டில் குழிகூட இல்லை.

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல். கடலோரச் சாலை. ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அலுமினிய ஃபிரேமை உப்புக்காற்று உடனே ஒன்றும் செய்துவிடாது. திருகாணித் தலைகளில் முதலில் துரு. பிறகு செயினில்.

மணவாளக்குறிச்சியில் கருமணல். இல்மனைட், மோனசைட் என்று பிரித்தெடுக்க மத்திய அரசின் ஆலையே இருக்கிறது. செயின் எண்ணெயில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்து அரைக்கும்.

ஜெர்சியின் முதுகில் மூன்று பை. மட்டிப்பழம் அளவெடுத்துச் செய்ததுபோல நிற்கும். ஏத்தம்பழம் வெளியே நீட்டிக்கொள்ளும். மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் காரணத்துக்காக இல்லை.

நம் பக்கத்துக் கம்பெனியும் உண்டு. டிஐ சைக்கிள்ஸ், சென்னை, 1949. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அவர்கள் போட்டது. பிறகு மான்ட்ரா என்ற பெயரில் டிராப் ஹேண்டில்பாரும் போட்டார்கள். ஊரில் பெரியவர்களிடம் பிஎஸ்ஏ என்றால் முகம் மலரும். மான்ட்ரா என்றால், "எந்த ஊர் கம்பெனி?"

கன்னியாகுமரியில் சும்மா நின்றாலே சைக்கிள் பார்க்கலாம். காஷ்மீரிலிருந்து மிதித்து வந்தவர்கள் கடலுக்கு முன்னால் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடிய வண்டிகள். டிராப் ஹேண்டில்பார் கொஞ்சம். ஹைபிரிட், எம்டிபி, சிலசமயம் கியரே இல்லாதது.

2021-ல் காஷ்மீரின் ஆதில் தேலி ஸ்ரீநகரிலிருந்து 8 நாள் 1 மணி 37 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். கின்னஸ். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டு வகைக்கும் படம் ஒரே இடத்தில்.

திரும்பிப் போகும்போது ரயில். சைக்கிள் பார்சலில் ஏறும்.

பிரெவே என்று ஒரு நெடுந்தூர ஓட்டம். பந்தயம் இல்லை, ஆனால் நேரக்கணக்கு உண்டு. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம். சராசரி 15-க்குக் கீழே. எந்தச் சைக்கிளும் போகும். உடம்புதான் கேள்வி. முதுகு, கழுத்து, உள்ளங்கை மரத்துப்போவது.

அதெல்லாம் ஃபிரேம் அளவில் வருவது. கடையில் மீடியம்தான் இருக்கிறது. அதனால் நமக்கும் மீடியம்தான் சரி என்று கடைக்காரர் கண்டுபிடிக்கிறார். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றிக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஃபிரேமை என்ன செய்வது? கியரில் ஒரு படி இறங்கலாம், அளவில் இறங்கக் கூடாது.

பழையது வாங்கலாம். ஆறு மாதம் ஓட்டிவிட்டுச் சுவரில் மாட்டியவை நிறைய. கார்பன் பழையது வேண்டாம். விழுந்ததா இல்லையா என்று விற்கிறவன் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

பிரெஸ்டா வால்வு. ஒல்லி, உச்சியில் குட்டித் திருகு. ஊர்ச் சைக்கிளுக்கு ஒரு வால்வு, பைக்குக்கு ஒரு வால்வு, இது மூன்றாவது. சுங்கான்கடையில் பஞ்சராகி நின்றால் பக்கத்துக் கடையில் காற்று இருக்கும், உள்ளே போகாது. பித்தளை அடாப்டர் இரண்டு டீயின் விலைக்குள் கிடைக்கிறது. லட்ச ரூபாய் சைக்கிளோடு அதைத் தருவதில்லை.

இன்னும் கேட்க வேண்டியது: சக்கரத்தில் எத்தனை ஸ்போக்ஸ் கம்பி? 20, 24 பார்க்க அழகு. 32 இருந்தால் ஒன்று அறுந்தாலும் கோணியபடியே வீடு வந்து சேரும். அந்த நீளத்துக் கம்பி கோட்டாறில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும். கடை ஞாயிறு கிடையாது. திங்கட்கிழமை.