மும்பையில் ஒரு வைகறை

2009ஆம் ஆண்டு உம்ராவை நிறைவேற்றி ஜித்தாவிலிருந்து திரும்பிய நாம், சுபுஹு வேளையில் மும்பையில் இறங்கினோம். சென்னை விமானத்திற்கு மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டிகளில் சென்னை என்றே சீட்டு ஒட்டியிருந்தமையால், மும்பையில் நமக்கு யாதொரு வேலையும் இல்லையென்று எண்ணியிருந்தோம். பேதைமை! வெளிநாட்டிலிருந்து வருவோர் தாய்மண்ணை முதன்முதல் மிதிக்கும் நிலையத்திலேயே குடிநுழைவு முத்திரையும் சுங்கச் சோதனையும் முடித்தாக வேண்டும். அதன்பின் ஏறுவது உள்நாட்டு விமானம். அது சென்று சேரும் முனையத்தில் சுங்கத்தார் சோதிப்பதில்லை. ஆகவே பெட்டியை இங்கேயே எடுத்து, அலுவலரைக் கடந்து, மீண்டும் ஒப்படைத்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய நகரம் இது. அக்கப்பல் பயணம் 1995இல் நின்றுபோயிற்று. அவர்கள் வாரக்கணக்கில் இங்குக் காத்திருந்தனர். நமக்கோ ஒரு வரிசையில் நிற்கவே பொறுமையில்லை.

அவ்வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற இளைஞர், "மாமா, இதை எழுதித் தர்றீங்களா?" என்று படிவத்தை நீட்டினார். அந்நாளில் நம் நாட்டவரும் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், கடவுச்சீட்டு எண் எல்லாம் எழுதி முடித்து, இந்திய முகவரி கேட்டோம். வாப்பாவின் பெயரைச் சொன்னவர் அத்துடன் நின்றுவிட்டார். "ராத்திரி மவுத்தாயிட்டாங்க மாமா. அஸர் வரைக்கும் வச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க."

பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஊர். சென்னை சென்று, அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம். அவருடைய விமானமோ நமக்கு முந்தியது.

முன்னால் நின்றவர்களிடம் சொன்னோம். மலையாளிகள், தெலுங்கர், வடநாட்டுத் தொழிலாளர். நமது அரைகுறை இந்தியில் "ஜனாஸா" என்ற ஒரு சொல் போதுமானதாயிற்று; முஸ்லிமல்லாதோருக்கு அவர் முகமே விளக்கிவிட்டது. ஒருவர்பின் ஒருவராக வழிவிட்டனர். அலுவலரும் ஏறிட்டு நோக்கி, முத்திரையிட்டு அனுப்பினார்.

ஆனால் பெட்டி வரும் பட்டை மனிதருக்கு இரங்குவதில்லை. அவருடைய பொதி வரவில்லை. நேரம் சென்றது. "மாமா, நீங்க எடுத்துட்டு வந்துடுறீங்களா? போர்வையும் வாப்பாவுக்கு வாங்கின செருப்பும்தான் இருக்கு" என்றார்.

நாம் தயங்கினோம். பிறர் பொதியை நமதென்று கூறிச் சுங்கத்தைக் கடத்தல் கூடாது; அது சட்டம். அதனுள் இருப்பது யாதென நாம் அறியோம், அது அச்சம். இவ்விரண்டில் எது நம் நாவை அசைத்ததென இன்றுவரை பிரித்தறிய இயலவில்லை. "முடியாது தம்பி, விமானக் கம்பெனி ஆளிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றோம். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தலையசைத்து, சீட்டை ஊழியர் ஒருவரிடம் தந்து, ஸலாம் சொல்லிவிட்டு வெறுங்கையுடன் ஓடினார்.

கால்மணி நேரம் கழித்து நம் ஜம்ஜம் கேன்கள் வந்தன. அவற்றை அடுத்தே, கயிற்றால் இறுகக் கட்டிய பொதியொன்று வந்தது. மேலே மையால் இளைஞரின் பெயர். அதன்கீழ் வாப்பாவின் பெயர். ஊழியரை அழைத்துக் காட்டினோம். எண்ணைச் சரிபார்த்து ஓரமாக இறக்கி வைத்தார்.

நாம் நமது தண்ணீருடன் பச்சை வழியில் நடந்தோம். எவரும் எதுவும் கேட்கவில்லை.