விலகல் கடிதம்

எங்கள் மகள் சென்னையில் மென்பொருள் பொறியாளர். 2019இல் ஒரு மாலை அவளை ஓர் அறைக்கு அழைத்து, சொந்தக் காரணங்களுக்காகப் பணி விலகுவதாக எழுதிக் கொடுக்கும்படி கேட்டனர். மறுத்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது என்றனராம். கையொப்பமிட்ட பின்னரே அவள் எங்களை அழைத்தாள்.

நாங்கள் பஞ்சாலைக் குடும்பத்தினர். "தொழிலாளியை அப்படி அனுப்பிவிட முடியாதே, அம்மா!" என்றோம். "நான் தொழிலாளியா, அப்பா?" என்றாள். அக்கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது.

அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையையே கருதியது. தொழில்நுட்ப வேலையும் அதன் வரையறைக்குள் அடங்கும். நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் புறத்தே நின்றனர். ஓராண்டேனும் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டும். தாமே விலகியவருக்கு இவை இல்லை. அந்த ஒற்றை வரியை எழுதி வாங்க அவ்வளவு முனைந்தது இதற்காகத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த 15 நாள் கணக்கு நீடிக்கிறது.

தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கலாம் எனத் தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்தியிருந்தது. அவள் அதை அறிந்திருக்கவில்லை. (சங்கச் சந்தா கட்டச் சலித்துக்கொண்ட நாங்கள் அவளைக் குறைகூறுவதெப்படி?)

அன்று அவளுடன் எண்மர் அழைக்கப்பட்டனர், ஒருவர்பின் ஒருவராக. வெளியே காத்திருந்தபோது எவரும் எவரோடும் பேசவில்லையாம்.