கேட்டு வெட்டிய மரம்

சென்ற மாதம் பேத்திக்கு எழுதுமேசை வாங்குவதற்காகக் கிள்ளானிலுள்ள ஒரு மரச்சாமான் கடைக்குச் சென்றிருந்தேன். மெராந்திப் பலகையாற் செய்த மேசையொன்று மனத்துக்குப் பிடித்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சிறு முத்திரை ஒட்டியிருந்தது. “இது என்ன, தம்பி?” என்று வினவினேன். “சான்று பெற்ற மரம், ஐயா. காட்டை அழிக்காமல் வெட்டியதாம்,” என்றார் கடைக்காரர். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.

நான் பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன். என் தாயார் முப்பதாண்டுகள் பால்மரம் சீவி, அந்த மண்ணிலேயே அடக்கமானார். பின்னர்த் தோட்டம் கைமாறிற்று. ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், அவ்வளவே. லயன்களில் வாழ்ந்தோரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. தாயாரின் குழி எந்த வீட்டின் கீழுள்ளதென நான் அறியேன்.

ஆகையால் அந்த முத்திரையைப் பற்றி விசாரித்தறிய முற்பட்டேன். இந்நாட்டில் மரங்களுக்குச் சான்று வழங்கும் திட்டத்தை நடத்துவதற்காக 1998-இல் மலேசிய மரச் சான்றிதழ் மன்றம் அமைந்தது. பிஇஎப்சி என்னும் உலக அமைப்பு 2009-இல் அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. வெட்டுமுன் மரங்களைக் கணக்கெடுத்து அடையாளமிட வேண்டும். விதை தரும் தாய்மரங்களையும் ஆற்றங்கரை மரங்களையும் விட்டுவைக்க வேண்டும். காட்டிலிருந்து கடை வரையில் பலகைக்குக் கணக்கிருக்க வேண்டும். வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும். இவை யாவும் நல்லனவே. ஆனால், என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு விதி. பூர்வகுடி மக்களுக்கு வழக்கப்படி உரிமையுள்ள நிலத்தில், முன்கூட்டியே விவரம் கூறி, வற்புறுத்தலின்றி அவர்கள் சம்மதத்தைப் பெறவேண்டுமாம். அவர்கள் போற்றும் இடங்களை அவர்களோடு கலந்தே அடையாளங்கண்டு காக்க வேண்டுமாம். பிரம்பும் தேனும் மீனும் தரும் காடு அவர்களுக்கு மிஞ்சுவதும் இவ்விதியினாலேதான்.

ஏட்டிலுள்ள விதி நாட்டில் நடக்கின்றதா? நம் வாசற்படியிலேயே சான்று உண்டு. கிள்ளானுக்குத் தெற்கே வடக்குக் கோல லங்காட் காப்புக்காடு இருக்கிறது. சதுப்பு நிலக் காடு அது. அதைச் சார்ந்து தெமுவான் மக்கள் வாழ்கின்றனர். 2020-இல் அக்காட்டில் ஏறத்தாழ 931 ஹெக்டரைக் காப்பிலிருந்து நீக்கச் சிலாங்கூர் அரசு எண்ணிற்று. பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. ஆயினும் ஒரு பகுதி நீக்கப்பட்டதாக 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. மக்கள் மீண்டும் குரலெழுப்பவே, செப்டம்பரில் அரசு அம்முடிவை இரத்துச் செய்தது. மரத்தை எவ்வாறு வெட்டுவதெனக் கூறும் முத்திரை, காட்டையே நீக்கும் கையைத் தடுக்கும் வல்லமை பெற்றதன்று. தடுத்தது மக்களின் குரல்.

அக்குரல் புதிதன்று. டிங்கிலைச் சேர்ந்த சாகோங் தாசி முதலான தெமுவான்கள், நெடுஞ்சாலைக்காகத் தம் நிலம் பறிபோனபோது வழக்காடினர். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு அந்நிலத்தில் உரிமையுண்டென்று தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அவர்கள் வழக்காடிய ஆண்டுகளில் நாம் என்ன செய்தோம்? லயன்களைக் காலி செய்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். கேட்கப்படுவது நம் உரிமை என்பதையே அறியாதிருந்தோம். அவர்கள் காட்டு மக்கள், நாம் பட்டணத்தார் என்று பெருமை பேசுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

முத்திரை ஒட்டியதனாலேயே பலகை தூயதாகிவிடாது. அதனைப் பார்த்து வாங்குவோர் வினவினால்தான் விற்போர் விடை தேடுவர். விற்போர் தேடினால்தான் காட்டில் வெட்டுவோரும் அங்கே வாழ்வோரைக் கேட்பர்.

மறுவாரம் சென்று மேசையை வாங்கினேன். “இம்மரம் எந்தக் காட்டினது, அங்கே வாழ்வோரின் சம்மதம் பெற்றார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள், தம்பி,” என்றேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்து, சீட்டில் குறித்துக்கொண்டார். விடை இன்னும் வரவில்லை. வரும் சனிக்கிழமை மீண்டும் போய்க் கேட்பேன்.