‘செட்டில்டு’ என்ற ஒற்றைச் சொல்

திருப்பூரில் பத்து பவர் டேபிள் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர் அவர். 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. வரவேண்டிய பணமும் வரவில்லை. ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டுப் போப்பா’ என்றார்கள் சிலர். அவர் கேட்கவில்லை. மெஷின்களை விற்று, மனைவியின் நகையையும் விற்று, 6 லட்சம் பாக்கிக்கு வங்கி ஒப்புக்கொண்ட மூன்றரை லட்சத்தை ஒரே தவணையில் கட்டி முடித்தார். ‘யாரையும் ஏமாத்தலை’ என்பதுதான் அதன்பிறகு அவரிடம் மிச்சமிருந்த சொத்து.

2024-ல் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது அதற்கும் அடி விழுந்தது. ‘சிபில் இல்லைண்ணா, இ.எம்.ஐ வராது’ என்று கடைப்பையன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல, மனைவி பேசாமல் வெளியே நடந்துவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் மொபைலில் அறிக்கையை எடுத்துக் கொடுத்தாள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரில் அவருக்கு 570. முழுதாகக் கட்டிய கடனுக்கு ‘க்ளோஸ்டு’ என்று போடுவார்கள். தள்ளுபடியோடு முடித்தால் ‘செட்டில்டு’. கடன் கொடுப்பவர் பார்வையில் அது பாதி கட்டாதவர் என்று அர்த்தம். பணம் கட்டிய அன்று இதை யாருமே அவருக்குச் சொல்லவில்லை. மீதியையும் கட்டிவிட்டு மாற்றச் சொல்லலாம்தான், கையில் காசு வேண்டுமே!

எப்போதோ முடித்த பைக் கடனும் பாக்கி என்றே காட்டியது. என்.ஓ.சி-யை வைத்துப் புகார் செய்தார்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலில் வந்த விதி. திருத்தம் வந்துவிட்டது. ‘5,000 கொடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றோம்’ என்று போன் செய்தவரை மகள் துரத்திவிட்டாள். தப்பான பதிவைத் திருத்தலாம், உண்மையானதை யாரும் அழித்துத் தர முடியாது.

சீட்டுப் பணம் 20,000 வந்தது. அதை வங்கியில் எஃப்.டி-யாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். இப்படி டெபாசிட் வைத்தால் ஸ்கோர் குறைந்தவருக்கும் கார்டு கொடுக்கிறார்கள். ‘மறுபடியும் கடனா?’ என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. கரன்ட் பில், கேஸ் சிலிண்டர் தவிர வேறெதற்கும் அந்தக் கார்டு வெளியே வராது. பில் தொகை முழுவதும் கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே போய்விடும். ‘மினிமம் டியூ’ என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால் மாதம் 3 சதவிகிதத்துக்கும் மேல் வட்டி ஏறும் என்பதை, பட்டவர் என்பதால், யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் ஸ்கோர் 690. ‘செட்டில்டு’ இன்னும் அப்படியே இருக்கிறது. மெஷின் கடனுக்கு வங்கி இன்னும் தலையாட்டவில்லை.

போன மாதம் மனைவியின் தம்பி கார் லோன் ஃபாரத்தோடு வந்தார். ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். அவர் தவணை தவறினால் இவர் அறிக்கையிலும் ஏறும். இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, நீங்க போடாதீங்க” என்றார் மனைவி. “அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”