இமை கனத்தால் உஷார்! வடநெம்மேலி பாம்புப் பண்ணை சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகிறவர்களில் பலர் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் வண்டியை நிறுத்துவார்கள். முதலைகளைப் பார்த்த கையோடு, அதே வளாகத்தில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம் இது.

வரிசையாக மண்பானைகள். வாயில் துணி கட்டிய ஒவ்வொரு பானைக்குள்ளும் பாம்பு! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகை. இருளர் ஒருவர் கொக்கியால் பாம்பை எடுத்து, தலையை லாகவமாகப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்க வைக்கிறார். உள்ளே சில துளிகள் இறங்குகின்றன. அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்து பிறக்கிறது. சில வாரங்களில் பாம்புகள் காட்டுக்கே திரும்பிவிடும்.

அந்தத் துளிகள் மனித உடம்பில் இறங்கினால்? பல நேரங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது கண்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போகாமல் தடுக்கிறது. இமை தானாகத் தொங்கும். எதிரில் இருப்பது இரண்டிரண்டாகத் தெரியும். விழியை அசைக்க முடியாது. அடுத்து விழுங்குவது சிரமம், பிறகு மூச்சுத் திணறல்.

கட்டுவிரியன் இன்னும் ஆபத்து. இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை திறக்கவில்லை என்றால், ‘தூக்கக் கலக்கம்’ என்று விட்டுவிடக் கூடாது. கண் மூடிக் கிடப்பவருக்கு நினைவு தப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் ரத்தம் கசியலாம். இமை தொங்குவதும் உண்டு.

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கை கால்களை அசைக்காமல் 108-ல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால், தொங்கிய இமை பெரும்பாலும் சில நாட்களில் பழையபடி திறந்துவிடும்.

இரவில் கட்டிலில், கொசுவலையை நன்றாகச் செருகிப் படுப்பது கட்டுவிரியனுக்கும் சேர்த்தே போடும் தடுப்பு!