குழாயடியில் கால் மணி நேரம்

பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஷேர் ஆட்டோவில் 15 ரூபாய். "நாய்க்கடின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி சார், பாவம்" என்றார் ஓட்டுநர். எனக்குக் கடி எதுவும் இல்லை, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போகிறேன் என்றதும் கண்ணாடியில் ஒரு தரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

காலை எட்டேகாலுக்கே ஓ.பி. சீட்டு வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டது. சீட்டுக்குக் காசில்லை. அதில் சிவப்பு மையில் 'நாய்க்கடி' என்று எழுதி, தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு அனுப்புகிறார்கள். வெளியே பெஞ்சில் ஒன்பது பேர். பாதிப் பேருக்கு மேல் கெண்டைக்காலில்தான் கடி. ஒருவர் காயத்தில் மஞ்சளை அப்பியிருந்தார், இன்னொருவர் காப்பித்தூள். பேரனோடு வந்த ஓர் ஆயா சுண்ணாம்பு தடவிப் பழந்துணி சுற்றியிருந்தார். சுண்ணாம்பு வைரஸை விட்டுவிட்டுப் பையனின் தோலைத்தான் பதம் பார்த்திருந்தது.

சுவரில் பெரிய சுவரொட்டி: கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். "கழுவிட்டு வந்தாத்தான் சார் உள்ளயே விடுவோம்" என்றார் வாசலில் நின்ற ஊழியர். குழாய் எங்கே என்று கேட்டு, அவர் கை காட்டிய பக்கம் போனேன். தாழ்வாரம் முடிந்து, மூன்று படி இறங்கி, ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. நாற்பது எட்டு. திருகினால் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் அதுவரை தொட்டி காய்ந்துதான் கிடந்தது. சோப்புத் துண்டு வெடித்து, மேலே தூசி படிந்திருந்தது.

திரும்பி வந்தபோது அறைக்குள்ளிருந்து சிஸ்டர் குரல்: "ஆயா, சுண்ணாம்போட உள்ள வராதீங்க. தம்பி காலை நல்லா கழுவிட்டுக் கூட்டிட்டு வாங்க." நான் கேட்டுக்கு வெளியே போய் 10 ரூபாய் சோப்பு ஒன்று வாங்கினேன். அப்படியே பக்கத்து மெடிக்கலில் தடுப்பூசி விலையும் விசாரித்தேன். ஒரு குப்பி 350 ரூபாய் அளவில் சொன்னார்கள். சீரம் இல்லையாம், "அதுக்கு ஜி.ஹெச்.தான்" என்றார்கள்.

பையன் காலைக் குழாயடியில் நீட்டினான். நான் செல்போனில் நேரம் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் "போதும்பா" என்றார் ஆயா. ஐந்தாவது நிமிடம் பையன் அழுதான். அழும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆனால் அதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். தப்பிப்பது நரம்பில் ஏறி, மெதுவாக மூளைக்குப் போகும். அங்கே போய் நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை. கழுவி முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் கழுவாமலே ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

உள்ளே ஐஸ் பெட்டியில் குப்பிகள். திறந்த குப்பி ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, திறந்த நேரத்தைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம். ஊசி தொப்புளில் இல்லை, இரண்டு புஜத்திலும். தோலுக்குள்ளேயே 0.1 மில்லி போட்டதும் சின்னதாகப் புடைத்து எழும்புகிறது. ஆட்டோக்காரர் சொன்ன வயிற்று ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத்தான் பல காலம் தயாரித்தது. அந்த மருந்து போய் இருபது வருஷம் ஆகிறது, பயம்தான் இன்னும் போகவில்லை.

பையனுக்கு ரத்தம் வந்திருந்ததால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்பு உண்டாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் சீரம். எடை பார்த்தார்கள், 21 கிலோ. குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட் வீதம் 840 யூனிட், குழலில் 2.8 மில்லி. அதை டாக்டர் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏற்றினார். அலறல் கேட்டு வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது. சீரம் கிடைக்காமல் போனால்? முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம், அதற்குள் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்றார்.

அடுத்து வந்த கொத்தனாரின் கையில் நாலு தையல். முந்தின இரவு எங்கோ ஒரு கிளினிக்கில் போட்டது. டாக்டர் முகம் சுளித்தார். நாய்க்கடியை உடனே தைத்தால் ஊசியே வைரஸை உள்ளே தள்ளிவிடும். தைத்தே தீரவேண்டிய காயமென்றால் முதலில் சீரம், பிறகு தளர்வாக ஒன்றிரண்டு தையல்.

"எல்லாரும் நாலு தடவையும் கரெக்டா வந்துருவாங்க" என்று வாசல் ஊழியர் சொல்லியிருந்தார். மேசையில் விரிந்திருந்த பதிவேட்டைத் தலைகீழாகப் பார்த்தேன். முதல் நாள், 3, 7, 28 என நாலு கட்டம். முதல் கட்டம் முழுக்க டிக். மூன்றாவதில் இடைவெளிகள். கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெள்ளை.

கொத்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டு நாய்தாங்க சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு. மூணாம் நாள் கான்கிரீட் போடுறோம். விட்டுரலாமா?"

"நாயைப் பத்து நாள் பாருங்கண்ணே, அது தனி. அதுக்காக ஊசியைத் தள்ளக் கூடாது. ஏழரைக்கே வாங்க, போட்டுட்டு வேலைக்குப் போயிரலாம்."

அவர் சிஸ்டரிடமே பேனா வாங்கி, அட்டையில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் 7.30 என்று எழுதிக்கொண்டார்.